கண்ணாடியிலிருந்து போன மஞ்சள் கார்

கார் பந்தய விளையாட்டை டிரைவர் சீட்டில் உட்கார்ந்த மாதிரி ஆடுகிறவர்களைக் கண்டால் அப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவ்வளவு பெரிய திரையை வாங்கி வைத்துக்கொண்டு, அதில் பாதியை ஸ்டீயரிங்கும் டேஷ்போர்டும் மறைக்க விடுவார்களாம். மிச்சத்தில் கூரையைத் தாங்குகிற கம்பி வேறு குறுக்கே நிற்கும். கேட்டால் அதுதான் நிஜம் என்பார்கள். நிஜம்தான் வேண்டுமென்றால் தெருவில் இறங்கி டிராஃபிக்கில் நிற்க வேண்டியதுதானே? நான் ஆடுவது பின்பக்கக் கேமராவில். என் காருக்குப் பின்னால், கொஞ்சம் மேலே கண் இருக்கும். இரண்டு பக்கமும் தெரியும், எவன் முட்ட வருகிறான் என்பதும் தெரியும். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் என் பெயர் மின்னல். அந்தப் பெயரை எனக்கு வைத்துக்கொண்டதும் நானேதான்.

அப்பேர்ப்பட்ட மின்னலை வாயடைக்க வைத்தவள் என் அக்கா. அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். முன்சீட்டில் அழுகிற குழந்தை, பின்சீட்டில் அடித்துக்கொள்கிற குழந்தை, நடுவில் தூங்கி விழுகிற குழந்தை என்று எல்லாரையும் ஏற்றிக்கொண்டு சந்து பொந்தெல்லாம் புகுந்து வருவாள். போன மழைக்காலத்தில் இடது கண்ணில் கிருமி தொற்றி, எந்த மருந்துக்கும் கேட்காமல், பார்வை சுத்தமாகப் போய்விட்டது. வேனும் அதோடு போயிற்று. பள்ளிக்கூடத்து ஆபீசிலேயே உட்கார்ந்து, மற்றவர்கள் ஓட்டுகிற வேன்களுக்கு நேரம் போட்டுக் கொடுக்கிற வேலை கிடைத்தது. சொந்தக் காரை மட்டும் ஓட்டலாம், அதற்கும் மறுபடி டெஸ்ட் கொடுத்துப் பாஸாக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

டெஸ்டுக்கு முன்னால் பழகிப் பார்க்கலாம் என்று ஒருநாள் வீட்டு வளாகத்துக்குள்ளேயே காரை எடுத்தாள். பின்னால் வருவதைக் காட்டுகிற இடதுபக்கக் கண்ணாடி கேட்டுத் தூணில் மோதிச் சிதறியது. மாமா, அதாவது அவள் வீட்டுக்காரர், திட்டவில்லை. துடைப்பத்தை எடுத்துக் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டினார், மறுநாள் புதுக் கண்ணாடி வாங்கி மாட்டினார். அக்கா சாவியைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டாள். திட்டியிருந்தாலாவது பதிலுக்குத் திட்டியிருப்பாள். மறுபடி ஓட்டுவோமா மாட்டோமா என்பதுதான் அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. அது எங்களுக்கெல்லாம் தெரியும்.

மாடியில் என் அறையில், பழைய சாப்பாட்டு மேசையில் விளையாட்டு ஸ்டீயரிங்கை முடுக்கி வைத்திருக்கிறேன். கீழே பெடல்கள் வழுக்காமலிருக்க ஒரு செங்கல் அணை. ஒரு மத்தியானம் காயப்போட்ட துணிகளை எடுக்க வந்த அக்கா, துணிக்கூடையோடு எனக்குப் பின்னால் நின்றுவிட்டாள். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள்.

"இது யாருடா பாக்குறது? டிரைவரா, காக்காவா?"

எனக்குச் சுருக்கென்றது. பின்பக்கக் கேமராவின் பெருமைகளை விளக்கினேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கூடையைக் கட்டிலில் வைத்துவிட்டு என்னை எழுப்பினாள், உள்ளே உட்கார வை என்றாள். மாற்றிக் கொடுத்தேன். நாற்காலியை முன்னால் இழுத்து, ஸ்டீயரிங்கைத் திரைக்குப் பக்கத்தில் நகர்த்தச் சொன்னாள். எதிரே போகிற கார் நிஜத்தில் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ அவ்வளவு பெரிதாகத் தெரியவேண்டும் என்று பார்வை அகலத்தைக் குறுக்கிக்கொண்டே போனாள். பக்கம் எதுவுமே தெரியாதே என்று பதறினேன். யார் எங்கே என்று புள்ளி புள்ளியாகக் காட்டுகிற ரேடாரையும் அணைக்கச் சொன்னாள், பின்பக்கம் காட்டுகிற கண்ணாடிகளை மட்டும் விட்டுவைத்தாள்.

"எனக்கு இனிமே இவ்வளவுதான்டா தெரியும். தெரியாத பக்கத்தை எப்படித் தெரிஞ்சிக்கிறதுன்னு பாக்கணும்."

ரேடாரை அணைத்தேன்.

முதலில் எல்லாம் மண்ணைக் கவ்வினாள். இடப்பக்கம் வருகிற எவனைக் கண்டாலும், காணாவிட்டாலும், மோதினாள். பயத்தில் இடப்பக்கம் பார்க்கிற பித்தானை அழுத்திக்கொண்டே இருப்பாள், அதற்குள் முன்னால் போகிறவன் பிரேக் அடித்திருப்பான். இரண்டு பக்கமும் இடி. கீழே வந்து பாத்திரங்களை உருட்டுவாள். மாமா என்னை முறைப்பார், ஏதோ நான்தான் தள்ளிவிட்ட மாதிரி. மறுநாள் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் மறுபடி மாடியேறி நிற்பாள்.

அப்புறம் ஒருநாள் முணுமுணுக்க ஆரம்பித்தாள். காய்கறி நறுக்கும்போது தனக்குத்தானே பேசிக்கொள்வாளே, அதே குரல். "வெள்ளை பின்னாடி தள்ளி. சிவப்பு ஒட்டி வருது. மஞ்சள் இடது கண்ணாடியில." நேரான ரோட்டில் கண்ணாடியை ஒரு தொடுதொட்டுவிட்டுப் பார்வை முன்னால் வந்துவிடும். பார்த்ததை வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். மஞ்சள் கார் கண்ணாடியிலிருந்து மறைந்தது. போய்விட்டான், இடது வளைவில் உள்ளே ஒட்டித் திரும்பு என்று நான் கத்தினேன். அவள் திரும்பவில்லை. ஒரு கார் அகலத்துக்கு இடம் விட்டு வெளியே வளைத்தாள். அந்த இடைவெளியில் மஞ்சள் கார் முளைத்து வந்தது.

"எப்படிக்கா தெரியும்?"

"கண்ணாடியில இருந்து போச்சுல்ல. முன்னாடி வந்துச்சா? வரல. அப்போ பக்கத்துலதான இருக்கணும், எங்க போயிடும்?"

வேனிலும் இப்படித்தானாம். இறங்கி வேனுக்கு முன்னால் குறுக்கே ஓடின குழந்தை அந்தப் பக்கம் வந்து நிற்கிற வரை கிளப்பமாட்டாளாம். இரண்டு கண்ணும் இருந்தபோது இதை யோசித்துச் செய்ததில்லை, இப்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றாள். அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் குழுவில் அவளையும் சேர்த்தேன். பக்கத்து வீட்டிலிருந்து கடன் வாங்கிய கம்ப்யூட்டரில் அவள் கீழே ஹாலில், நான் மாடியில். தனக்கு வைத்துக்கொண்ட பெயர் அரைக்கண். கடைசிச் சுற்றில் அவளுக்குப் பின்னால் நான். இடப்பக்கம் நுழைந்தால் அவளுக்குத் தெரியவே தெரியாது என்று, கொஞ்சமும் வெட்கமில்லாமல், இந்தத் தம்பி உள்ளே நுழைந்தான். அக்கா எனக்கென்று அளந்து வைத்த மாதிரி வழி விட்டாள். ஒரு சாண் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவள் என்னை அப்படி எதிர்பார்த்திருந்ததில் நான் திகைத்துப்போய், என் காரின் அழகான முதுகையே பார்த்துக்கொண்டு புல்லில் உருண்டேன். அவள் ஜெயிக்கவில்லை, நடுவாந்திரமாக வந்தாள். ஆனால் எங்கள் குழுவில் யாரையும் உரசாமல் வந்த ஒரே ஆள் அவள்தான். கீழேயிருந்து மாமா கைதட்டுகிற சத்தம் கேட்டது. யார் முதலில் வந்தார்கள் என்பதுகூட அந்த மனிதருக்குத் தெரியாது.

மறுநாள் ஃபிரிட்ஜ் மேல் சாவி இல்லை. டெஸ்டுக்குத் தேதி வாங்கிவிட்டாள்.

அன்றைக்குத் துணைக்கு மாமாவை வரவேண்டாம் என்றாள். அவர் பின்னால் உட்கார்ந்து மூச்சு விடுகிற சத்தமே தனக்குப் பயமாக இருக்கும் என்றாள். நான் போனேன். பரிசோதகர் பீரோ மாதிரி ஆள். அவர் அக்காவுக்கு இடப்பக்கம் ஏறி உட்கார்ந்ததும் அந்தப் பக்கத்து ஜன்னலே காணாமல் போயிற்று. கண்ணுக்குத்தான் இடப்பக்கம் இல்லை, கழுத்தைத் திருப்பிப் பார்க்கவும் இப்போது வழியில்லை. பின்சீட்டிலிருந்து நான் எதுவும் சொல்லக்கூடாது என்பது உத்தரவு.

கடைத்தெருவில் நன்றாகத்தான் போனாள். உதடு மட்டும் லேசாக அசைந்தது. மருந்துக்கடை முனையில் பரிசோதகர் இடப்பக்கம் திரும்பச் சொன்னார். விளக்கு போட்டாள், வேகத்தைக் குறைத்தாள். திரும்பவில்லை. கார் முனையில் நின்றுவிட்டது. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். பரிசோதகர் மறுபடி, குரலைக் கொஞ்சம் உயர்த்தி, திரும்பச் சொன்னார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்குக் கேட்டுத் தூண் ஞாபகத்துக்கு வந்துவிட்டது, உறைந்துபோய்விட்டாள், எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"ஒரு நிமிஷம் சார். ஒருத்தர் இன்னும் வெளிய வரல."

அவள் சொல்லி முடித்ததும், இடப்பக்கக் கதவை ஒட்டி ஒரு சைக்கிள் ஊர்ந்து வந்தது. பின்னால் காய்கறிப் பையும் அதன்மேல் ஒரு சின்னப் பெண்ணும். பரிசோதகரின் முழங்கைக்குப் பக்கத்தில் உரசாத குறையாகக் கடந்து, முன்னால் நேராகப் போனது. அக்கா மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள், நிதானமாகத் திரும்பினாள்.

கொஞ்ச தூரம் போனதும், அந்த சைக்கிளை எப்படிப் பார்த்தீர்கள் என்று பரிசோதகர் கேட்டார்.

"இப்போ பாக்கல சார். முன்னாடியே கண்ணாடியில பாத்தேன். அப்புறம் காணோம். அதான் இருக்குன்னு தெரிஞ்சுது."

நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த ஆளுக்கு முன்னால் அழக்கூடாது. என் அக்கா என்று கடைத்தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தவேண்டும் போலிருந்தது.

பாஸாகி வீட்டுக்கு வந்தபோது மாமா கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். காரைப் பார்த்ததும் தலைகால் புரியாமல் ஓடிப்போய், இடப்பக்கத் தூணை முதுகால் மறைத்து நின்றார். இடித்தால் தன்மேல் இடிக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. இரண்டு கையையும் ஆட்டி, வலது, வலது என்று தவித்தார். அக்கா பிரேக்கைப் பிடித்து, ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

"கையை ஆட்டாம அங்கயே நில்லுங்க. நீங்க எங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்."

மாமா கையை இறக்கிவிட்டு அசையாமல் நின்றார். அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. மாமாவின் சட்டைப் பித்தானுக்கும் புதுக் கண்ணாடிக்கும் நடுவே ஒரு சாண் விட்டு, கார் உள்ளே போயிற்று.