மெத்துன்னுதான் இருக்கு, மாப்ள

ஒகினோ அம்மாவின் பழைய கார் உதிரிபாகக் கடையில், கடைசி அலமாரியின் கீழ்த்தட்டில் கிடந்த அந்த நாலு சஸ்பென்ஷன் கால்களைக் கட்சுமி மறுபடியும் தூக்கிப் பார்த்தான். போன சனிக்கிழமையும் தூக்கிப் பார்த்தான். அதற்கு முந்தின சனிக்கிழமையும்தான். ஒவ்வொன்றின் தண்டையும் விரலால் தடவினான், எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான், பிறகு குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல மெல்லத் திரும்ப வைத்தான்.

"வாராவாரம் வந்து மோந்து பாத்துட்டுப் போறீங்களே, அது என்ன மீனா?" என்றாள் ஒகினோ அம்மா, கல்லாவிலிருந்து எழுந்திருக்காமலே.

கூட வந்திருந்த ஹதானோ சிரித்தான். நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் இருவரும் ஒரே குழு. மதியச் சாப்பாடு, டீ, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்துச் சின்ன ரேஸ் மைதானம் எல்லாமே ஒன்றாகத்தான். "பொண்ணு பாத்தப்பகூட நீ இவ்ளோ யோசிக்கலயாமே. சயோகோவே சொன்னாங்க."

"அப்ப எனக்குக் காட்டினதே ஒண்ணுதான்யா. இங்க ஏகப்பட்டது இருக்கே."

ஏகப்பட்டது இருந்ததுதான் வினை. கட்சுமியின் கார் பழைய சின்ன ஹேட்ச்பேக். மைதானத்தில் வளைவுக்கு வளைவு படகுபோலச் சாய்ந்தது. அதை நிமிர்த்த ஒரே வழி காயிலோவர். சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் ஒரே காலாகச் சேர்ந்து, உயரத்தையும் விறைப்பையும் நம் இஷ்டத்துக்குத் திருகி வைத்துக்கொள்ளும் சமாச்சாரம். பெரிய கம்பெனியின் புது செட்டுக்குக் காரையே விற்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் மலிவான புது செட்டைப் பற்றி இணையத்தில் பாதிப்பேர் தேன் என்றார்கள், பாதிப்பேர் செங்கல் என்றார்கள். அதில் சிலர் ஒரே ஆள், ஆறு மாத இடைவெளியில். வில்லை மட்டும் மாற்றினால் போதும் என்று ஒரு கட்சி இருந்தது. அந்தக் கட்சியை மற்ற எல்லாக் கட்சிகளும் சேர்ந்து திட்டின. கட்சுமி இதையெல்லாம் படித்துப் படித்து, எந்தக் காரில் எது நன்றாக இருக்கும் என்று யார் கேட்டாலும் சொல்லும் அளவுக்குத் தேறியிருந்தான். தன் காருக்கு மட்டும் அவனால் சொல்ல முடியவில்லை.

"இத முன்னாடி வெச்சிருந்தவரு ஏன் கழட்டினாரு?"

"குழந்தை பொறந்துச்சு. இந்தக் கடையில இருக்கற அத்தனையும் குழந்தை பொறந்து வந்ததுதான்." ஒகினோ அம்மா கடைசியில் எழுந்து வந்து, காலின் உச்சியிலிருந்த சின்னத் திருகைத் தொட்டுக் காட்டினாள். "இதைத் திருகினா உள்ள எண்ணெய் போற ஓட்டை சின்னதாகும், விறைச்சுக்கும். திருப்பித் திருகினா ஓட்டை பெருசாகும், மெத்துன்னு ஆயிடும். வீட்டுக்கும் ஆச்சு, மைதானத்துக்கும் ஆச்சு. இதெல்லாம் நான் சொல்லணுமா, நீங்கதான் வால்வு ஆளாச்சே."

வீட்டுக்கும் ஆச்சு என்ற அந்த ஒரு வார்த்தையில் கட்சுமி விழுந்துவிட்டான். ஏனென்றால் வீட்டில் இருப்பது ஒரே கார். அவன் சைக்கிளில் ஆபீஸ் போகிறவன். வாரம் முழுக்கக் கார் மனைவி சயோகோவிடம்தான். அதில் திங்கட்கிழமைதோறும் அவள் தன் அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். மாமனார் இசாமுவுக்கு மூலத்துக்கு ஆபரேஷன் ஆகியிருந்தது. ஆறுவேனா என்று அடம்பிடிக்கும் புண், அதை வாராவாரம் டாக்டரிடம் காட்டியாக வேண்டும். சஸ்பென்ஷன் பேச்சை எடுத்த அன்றே சயோகோ தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"எதை வேணா மாட்டிக்கங்க. ஆனா எங்கப்பா ஒரு தடவ 'ஆ'ன்னா, மறுநாளே பழசு திரும்ப ஏறணும். அதோட உங்க ஞாயித்துக்கெழமை விளையாட்டும் முடிஞ்சுது."

இது லேசான நிபந்தனை இல்லை. இசாமு 'ஆ' சொல்லாத நாளே கிடையாது. சூப்பில் உப்பு அதிகம் என்பார், டிவியில் சத்தம் கம்மி என்பார், மழை பெய்தால் ஏன் இன்றைக்கு என்பார். நகராட்சியின் முதியோர் வேனில் ஒருமுறை ஆஸ்பத்திரி போய்வந்தவர், அதற்குப் பிறகு அந்தப் பக்கமே தலைவைக்கவில்லை. வழியெல்லாம் கைதட்டிக் குழந்தைப் பாட்டு பாடச் சொன்னார்களாம். பாடாதவர்களுக்காக எல்லோரும் சேர்ந்து இன்னொரு தடவை பாடினார்களாம். அப்படிப்பட்ட மனிதரைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டுதான் இந்த ஆட்டம். மாதத்தில் அந்த ஒரு ஞாயிறு போய்விட்டால் தனக்கென்று என்ன மிச்சம் என்று கட்சுமி யோசித்தான். போன தடவை மழையால் மைதானம் மூடியிருந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தான். சமையலறை அலமாரியை உயர வரிசைப்படி அடுக்கி, எல்லாக் குழாய்க்கும் வாஷர் மாற்றிவிட்டான். சயோகோ சோயா சாஸைத் தேடி அழாத குறை.

வாங்கினான். ஹதானோவும் அவனும் சேர்ந்து ஒரு பகல் முழுக்க வீட்டு வாசலில் காரைத் தூக்கி நிறுத்தி மாட்டினார்கள். கடைசியில் நாலு மூலையிலும் உச்சித் திருகுகளைக் கட்சுமியே தன் கையால் திருகினான். அந்த நேரம் பார்த்து ஹதானோ கை கழுவப் போயிருந்தான்.

இங்கே அந்த ஊரின் வால்வுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டுக் குழாய் எந்த ஊரிலும் வலப்பக்கம் திருகினால் மூடும். தெருவுக்கடியில் இருக்கும் பெரிய வால்வு அப்படியில்லை. அது ஊருக்கு ஊர் மாறும். இந்த ஊரில் வலப்பக்கம் திருகினால் திறக்கும். எந்தக் காலத்து அதிகாரி எந்தக் கோபத்தில் அப்படி முடிவு செய்தாரோ தெரியாது. பக்கத்து ஊரிலிருந்து மாற்றலாகி வந்த ஹதானோ, முதல் வாரமே தண்ணீர் திறக்கிறேன் பேர்வழி என்று இறுக்கி மூடி, பொதுக்குளியல் கூடத்தில் சோப்பு நுரையோடு ஆட்களை நிற்கவைத்தான். அந்தக் கதையைக் கட்சுமி வருஷப் பிறப்பு விருந்து ஒன்றுவிடாமல் சொல்லி வந்தான். அவன் கைக்கு வலது என்றால் திறப்பு. எண்ணெய் ஓட்டையைத் திறந்தால் மெத்தென்று ஆகும் என்று ஒகினோ அம்மா சொன்னாள். கை தானாக வலப்பக்கம் போயிற்று. முட்டும்வரை திருகினான்.

அன்று மாலை தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான். மெத்தென்றுதான் தோன்றியது. ஆசைப்பட்டு வாங்கிய பொருள் நன்றாக இருக்கிறது என்று தோன்ற அதிக முயற்சி தேவைப்படுவதில்லை.

முதல் திங்கட்கிழமை வேலையில் அவனுக்குக் கை ஓடவில்லை. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டான்.

"கார் எப்படி இருந்துச்சு மாமா?"

இசாமு டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மெத்துன்னுதான் இருக்கு, மாப்ள."

கட்சுமி மனைவியைப் பார்த்தான். அவள் முள்ளங்கி சீவிக்கொண்டிருந்தாள். "பழசைவிடத் தேவல," என்றாள்.

அடுத்த திங்களும் அதே பதில்தான். அதற்கடுத்த திங்கள் இசாமு அவன் கேட்கும் முன்பே சொல்லிவிட்டார். சூப்பில் உப்பு அதிகமாகத்தான் இருந்தது, டிவியில் சத்தம் கம்மியாகத்தான் இருந்தது, காரைப் பற்றி மட்டும் ஒரு குறையும் இல்லை. கட்சுமி ஆபீஸில் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தான். காயிலோவர் வாங்குவது பணத்தில் இல்லை, தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது என்று கேட்காதவர்களுக்கும் சொன்னான்.

மைதானத்து ஞாயிறு வந்தது. விடிந்ததும் நாலு திருகுகளையும் இடப்பக்கம் கடைசிவரை திருகி, முழு விறைப்பு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு கிளம்பினான். போகும் வழியெல்லாம், என்ன ஒரு விறைப்பு, முதுகுத்தண்டு பேசுகிறது என்று மகிழ்ந்தான். அன்றைக்கு அவன் ஓட்டியதுபோல என்றைக்கும் ஓட்டியதில்லை. வளைவில் டயர் தரையைக் கவ்விப் பிடித்தது. அவனுடைய பழைய நேரமெல்லாம் தூள். மதியம் சோற்றுருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு, சுற்றி நின்றவர்களிடம் முழு விறைப்பின் மகிமையைப் பற்றி விரிவுரை ஆற்றினான். இரண்டு பேர் நம்பிப் போய்த் தங்கள் கார்களை இறுக்கிக்கொண்டார்கள். மாலைக்குள் இருவருமே முன்பைவிட மெதுவாகிவிட்டார்கள். பழக நாளாகும் என்று கட்சுமி அவர்களுக்கு ஆறுதல் சொன்னான்.

கிளம்பும் நேரத்தில் பானெட்டைத் திறந்து திருகில் கைவைத்தான்.

"என்ன பண்ற?" என்றான் ஹதானோ, பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டே.

"மெத்துன்னு ஆக்கறேன். நாளைக்கு மாமாவுக்கு ஆஸ்பத்திரி."

"வலது பக்கமா?"

"ஆமா, திறக்கணும்ல."

ஹதானோ டீயைக் கீழே வைத்தான். காரின் முன்மூலையில் இரண்டு கையையும் ஊன்றி அழுத்தினான். கார் இறங்கி, சாவகாசமாக எழுந்தது. கட்சுமியின் கையை விலக்கிவிட்டு, அந்தத் திருகை வலப்பக்கம் முட்டும்வரை திருகினான். மறுபடி அழுத்தினான். சுவரை அழுத்தியதுபோல இருந்தது. எழும்பிக் குதித்து முழு எடையையும் போட்டான். கார் அசைந்து கொடுக்கவில்லை.

"யோவ்," என்றான் மெதுவாக. "இது நம்மூரு வால்வு இல்லய்யா."

கட்சுமி தானே ஒருமுறை அழுத்திப் பார்த்தான்.

"அப்ப இன்னிக்கு நான் ஓட்டினது..."

"பஞ்சு. இந்த மைதானத்துத் தாரு பூரா மேடும் பள்ளமும். பஞ்சா இருக்கவும்தான் டயரு தரையப் புடிச்சிருக்கு."

"அப்ப இத்தன நாளா வீட்டுல..."

"செங்கல்லு," என்றான் ஹதானோ. உதட்டைக் கடித்துக்கொண்டு வேறுபக்கம் திரும்பினான், தோள் குலுங்கியது. "யார்கிட்டயும் சொல்லமாட்டேன். அந்தக் குளியல்கூடக் கதைய நீ எத்தன பேர்கிட்ட சொல்லலயோ, அத்தன பேர்கிட்ட நானும் சொல்லமாட்டேன்."

ஆனால் கட்சுமிக்கு அது காதில் ஏறவில்லை. சாமான் அடுக்கப் பின்கதவைத் திறந்தவன், சீட்டுக்கடியில் எதுவோ துருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்து இழுத்தான். ஆஸ்பத்திரியில் கொடுத்த நடுவில் ஓட்டையுள்ள மெத்தை. அதைச் சுற்றிக் குளியல் துண்டு ஒன்று, அதன்மேல் வரவேற்பறையில் காணாமல் போயிருந்த தரைமெத்தை, எல்லாவற்றையும் சேர்த்துச் சயோகோவின் பழைய கிமோனோ நாடாவால் இறுக்கிக் கட்டியிருந்தது. முடிச்சு அவளுடையது. ஓட்டுநர் சீட்டுக்குக் கீழே இன்னொரு தரைமெத்தை, ஒல்லியாக மடித்து. கட்சுமி அந்த மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டு விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு நடுவில், இந்த இரண்டு பேரும் தன்னை இவ்வளவு தாங்கியிருக்கிறார்களே என்றும் தோன்றியது. பிறகு எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே செருகி வைத்தான்.

ராச்சாப்பாட்டில் அவன் ஆரம்பித்தான். "மாமா, நெசமா சொல்லுங்க. கார் கொஞ்சம்... குலுக்கலா இல்லயா?"

இசாமுவின் குச்சிகள் கிண்ணத்துக்கு மேலே நின்றன. "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நானாத்தான் கேக்கறேன். உங்க புண்ணுக்கு..."

"என் புண்ணப் பத்தி எனக்குத் தெரியாதா? நல்லா ஆறிக்கிட்டு வருது. அந்தக் காரு வந்ததுலேர்ந்துதான் ஆறுது." மாமனார் அவசரமாகச் சூப்பைக் குடித்தார். "மெத்துன்னு இருக்கு மாப்ள. நீ எதையும் கழட்டவேணாம். கார வாசல்ல தூக்கி நிறுத்தவும் வேணாம், நானும் எந்த வேன்லயும் போகவேணாம்."

"நல்லாத்தான இருக்கு, ஏன் கெளறறீங்க?" என்றாள் சயோகோ. "அடுத்த ஞாயிறு எப்ப, அதச் சொல்லுங்க. பேசாம ரெண்டு ஞாயிறாக்கூடப் போயிட்டு வாங்களேன்."

சூப்பில் உப்பைப் பற்றி அன்று இசாமு ஒன்றும் சொல்லவில்லை. உப்பு உண்மையிலேயே அதிகமாக இருந்தது. சொல்லிவிடலாம் என்று கட்சுமி வாயைத் திறந்தான், இருவர் முகத்தையும் பார்த்தான், சோற்றை வாயில் போட்டுக்கொண்டான். சாப்பிட்டு முடித்ததும், ஹதானோ இறுக்கிய அந்த ஒரு திருகை இடப்பக்கம் கடைசிவரை தளர்த்திவிட்டு வந்தான். இனி அதைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தான்.

மறுநாள் குப்பை எடுக்கும் நாள். கட்சுமி இரண்டு கையிலும் பையோடு வாசலில் நின்றபோது கார் கிளம்பியது. சந்து முனையில் ஒரு மேன்ஹோல் மூடி உண்டு. அவனுடைய பிரிவே போட்டது, சாலையைவிட ஒரு விரல் உயரமாக. கார் அதை நெருங்கியது. அதன்மேல் ஏறுவதற்குச் சற்று முன்பு, பின்கண்ணாடி வழியே அவன் பார்த்தான். மாமனாரின் கை மேலே போய்க் கைப்பிடியைப் பற்றியது. அவர் தலை சீட்டிலிருந்து ஒரு சாண் உயர்ந்தது. அதே நொடியில் முன்சீட்டில் சயோகோவின் தலையும் உயர்ந்தது. பல நாள் சேர்ந்து பழகியவர்களின் ஒழுங்கு அதில் இருந்தது.

கார் மூடியின் மேல் சத்தமில்லாமல் ஏறி இறங்கியது.

இரண்டு தலைகளும் கொஞ்ச நேரம் அப்படியே மேலே நின்றன. பிறகு மெல்ல இறங்கின. பிரேக் விளக்கு எரிந்து கார் நின்றது. சயோகோ திரும்பி அப்பாவைப் பார்த்தாள், அவர் அவளைப் பார்த்தார். அப்புறம் இருவரும் சேர்ந்து பின்கண்ணாடி வழியே அவனைப் பார்த்தார்கள். கட்சுமி குப்பைப் பையோடே கையைத் தூக்கி ஆட்டினான்.