கசியும் முகம்

கரையில் கசியாத மாஸ்க் கடலில் ஏன் கசிகிறது என்று எனக்குப் புரியவில்லை.

கரையில் நான் செய்த சோதனையில் குறை எதுவும் இல்லை. பட்டையைத் தலையில் மாட்டாமல், கண்ணையும் மூக்கையும் மூடும் அந்தக் கண்ணாடி மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக மூச்சை இழுத்தேன். உள்ளே காற்று குறைந்ததும் மாஸ்க் முகத்தோடு ஒட்டிக்கொண்டது. கையை எடுத்தேன், விழவில்லை. குனிந்தேன், தலையை இடமும் வலமும் ஆட்டினேன், அப்போதும் விழவில்லை. ரப்பர் விளிம்புக்கும் தோலுக்கும் நடுவே சந்து இருந்தால் அது அப்படி ஒட்டாது. காற்றே நுழைய முடியாத இடத்தில் தண்ணீர் எப்படி நுழையும்? ஆனால் முதல் தீவின் பக்கத்தில் படகை நிறுத்தி, நான் ஏணியில் இறங்கி முகத்தைத் தண்ணீரில் வைத்த கொஞ்ச நேரத்தில் கடல் என் மூக்கு வரை ஏறிவிட்டது.

இதில் கூடுதல் அவமானம், என் தொழிலே கசிவை அடைப்பதுதான். குளிர்பதனக் கிடங்குகளின் கதவுகளைப் பழுது பார்க்கிறவன் நான். கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் கேஸ்கட்டில் மயிரிழை அளவு இடைவெளி இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போய்ப் பனி கட்டும், மோட்டார் ஓய்வில்லாமல் ஓடும். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி, மெல்ல இழுத்துப் பார்ப்பேன். தாள் பிடித்துக்கொண்டால் சரி, வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கேதான் கோளாறு. இந்த விவரங்களை அன்று காலை படகில் எனக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். படகு அலையில் குதிக்கும்போது முன் இருக்கைகள் ஏன் அதிகம் தூக்கிப் போடுகின்றன, பின் இருக்கைகள் ஏன் நனைகின்றன என்பதையும் சொல்லியிருந்தேன். என்ஜின் சத்தத்தில் ஒரு வார்த்தையும் அவர்களுக்குக் கேட்டிருக்காது. அது எனக்கு எப்போதும் தடையாக இருந்ததில்லை.

"ஊர்ல இருக்கற கதவையெல்லாம் அடைச்சீங்க மாமா, உங்க மூஞ்சிய அடைக்க முடியலையே" என்றான் மச்சான்.

மச்சான் என் மனைவியின் தம்பி. இந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தவன் அவன்தான். தண்ணீர் புகாத உறையில் கைபேசியைப் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, கண்ணில் பட்டதையெல்லாம் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

என் மூக்கில் தண்ணீர் ஏறுவது மட்டும்தான் பிரச்சினை என்றால் படகில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு அலைகளைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்திருப்பேன். பிரச்சினை என் மனைவி. அவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். அவள் மேசைக்கு எதிரே ஒரு மீன் தொட்டி இருக்கிறது. காலையில் கதவைத் திறந்ததும் அவள்தான் அதற்கு இரை போடுவாள். பல் வலியோடு வருகிறவர்கள் வலியை மறக்க அந்தத் தொட்டியைப் பார்ப்பார்கள், அவள் அவர்களை மறக்க அதைப் பார்ப்பாள். வெகு நாளாக ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்: "இதுங்களோட சொந்தக்காரங்கள அவங்க வீட்டுலயே போய் ஒரு தடவ பாத்துட்டு வரணுங்க."

ஆனால் அவளுக்கு நீச்சல் தெரியாது, தண்ணீர் என்றால் பயம். லைஃப் ஜாக்கெட் மிதக்க வைக்கும் என்று விளக்கினேன், ஏன் மிதக்க வைக்கும் என்றும் விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க கையப் பிடிச்சுக்கிட்டு கூடவே வந்தா எறங்கறேன். இல்லன்னா படகுலயே இருந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு போகலாமே என்றால், சிறு வயதில் நீச்சல் குளத்தில் பின்னாலிருந்து தள்ளிவிட்டவனை எப்படி நம்புவது என்கிறாள். ஆக, என் மாஸ்க் கசிந்தால் அவள் மீனைப் பார்க்கப் போவதில்லை. படகு மூன்று இடங்களில் நிற்கும். முதல் இடத்தில் நான் இருமிக்கொண்டே ஏணியைப் பிடித்தபோது, முழங்கால் வரை இறங்கியிருந்த அவளும் ஏறிவிட்டாள்.

கோளாறு எங்கே என்று முறையாகத் தேட ஆரம்பித்தேன். முதலில் பட்டையை இறுக்கினேன். இது தவறு என்று எனக்கே தெரியும். மாஸ்க்கை முகத்தோடு அழுத்துவது வெளியே இருக்கும் தண்ணீர், பட்டை அதை நழுவாமல் பிடித்துக்கொண்டால் போதும். கதவிலும் அப்படித்தான், கீலை அளவுக்கு மீறி இறுக்கினால் கேஸ்கட் ஒரு பக்கம் நசுங்கி மறு பக்கம் வாய் பிளக்கும். இதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டுத்தான் இறுக்கினேன். தண்ணீர் முன்பைவிட வேகமாக வந்தது, நெற்றியில் ஒரு தடம் விழுந்ததுதான் மிச்சம்.

அடுத்து, மச்சானின் மாஸ்க்கை வாங்கி நான் போட்டேன், என்னுடையதை அவன் போட்டான். அவனுக்கு என் மாஸ்க் கசியவில்லை. எனக்கு அவன் மாஸ்க் கசிந்தது. உதிரி பாகத்தை மாற்றிப் போட்டும் கோளாறு போகவில்லை என்றால், கோளாறு அந்தப் பாகத்தில் இல்லை.

"அப்ப மாஸ்க் நல்ல மாஸ்க்தான். மூஞ்சிதான் பழுது" என்றேன்.

"அத எங்க அக்கா கல்யாணத்தன்னிக்கே சொல்லுச்சு மாமா."

"நான் எப்படா சொன்னேன்?" என்றாள் மனைவி. "மனசுல நெனச்சதோட சரி."

படகின் வழிகாட்டிப் பெண் வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "மீசைண்ணே. முடி வழியா தண்ணி எறங்கும். கொஞ்சம் வாசலின் தடவிக்கோங்க" என்று ஒரு சின்ன டப்பாவை நீட்டினாள். மீசை! எனக்கு ஏன் தோன்றவில்லை? கேஸ்கட்டுக்கும் கதவுச் சட்டத்துக்கும் நடுவே துடைப்பத்தை வைத்து மூடியது போல அல்லவா இருக்கிறது! ஆனால் வாசலின் பட்டால் காலப்போக்கில் ரப்பர் கெட்டுப்போகும் என்பது எனக்குத் தெரியும். அது எப்படிக் கெடும், எண்ணெய் உள்ளே ஊறினால் ரப்பர் எப்படி உப்பும் என்று அந்தப் பெண்ணுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு டப்பாவைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

சாப்பாட்டுக்காக இரண்டாவது தீவில் நிறுத்தினார்கள். மச்சானின் பையில் தாடியைச் சீராக்கும் ட்ரிம்மர் இருந்தது. ஒரு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தேன். கல்யாணத்துக்கு முன்பிருந்து என்னோடு இருந்த மீசை, மணலில் ஒரு கைப்பிடிகூடத் தேறவில்லை. முகத்தில் இருந்தபோது அதை ஒரு பெரிய சொத்தாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மனைவி தண்ணீர் பாட்டிலோடு வந்தவள் நின்றுவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அப்படியே மணலில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள்.

"யாருங்க நீங்க? எங்க வீட்டுக்காரர் இங்க பக்கத்துல எங்கயாவது பேசிக்கிட்டு இருப்பாரு, பாத்தீங்களா?"

"சிரி, சிரி. உனக்காகத்தான்."

"மேல் உதடு இவ்ளோ நீளமா! இத்தன வருஷமா மறைச்சே வெச்சிருந்தீங்களே."

அவளைக் கூட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீருக்குப் போனேன். மாஸ்க்கை மாட்டினேன். ஸ்நார்க்கல் குழாயைப் பல்லால் கவ்விக்கொண்டு முகத்தைத் தண்ணீரில் வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஒரு துளி வரவில்லை. தீர்ந்தது கோளாறு என்று மகிழ்ந்து, முடி எப்படித் தண்ணீருக்கு வழி விடுகிறது என்பதைக் குனிந்தபடியே அவளுக்குச் சொல்லத் தொடங்கினேன். பாதி சொல்வதற்குள் கண்ணுக்குக் கீழே கடல் தளும்பியது. எழுந்து நின்று மாஸ்க்கைக் கழற்றினேன். தண்ணீர் மேல் உதட்டில் வழிந்தது. தடுக்க அங்கே இப்போது எதுவும் இல்லை.

மனைவி சிரிக்கவில்லை. "பரவால்லங்க, விடுங்க" என்றாள். "நான் படகுலயே இருந்துக்கறேன். எனக்கு என்ன, கிளினிக் போனா தெனமும் மீனுதான்." சொல்லிவிட்டு லைஃப் ஜாக்கெட்டின் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சமாதானமாகச் சொன்னது தாங்கவில்லை. அடுத்த இடம்தான் கடைசி. அங்கேதான் ஆமை வரும் என்று வழிகாட்டிப் பெண் சொல்லியிருந்தாள்.

படகுக்குத் திரும்பியபோது மச்சான் தன் கைபேசியைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தான். "மாமா, காலைல தண்ணிக்குள்ள உங்கள எடுத்தேன். வந்து பாருங்க. மீனுக்கே பாடம் நடத்தறீங்க."

பார்த்தேன். பெரிய மீசையோடு, கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் உருண்டு நிற்க, என் முகம். கன்னம் இரண்டும் ஓயாமல் மேலும் கீழும் போய் வந்துகொண்டிருந்தன. குழாய் வழியே ஏதோ ஊளைச் சத்தம்.

"என்ன மாமா சொல்லிட்டிருந்தீங்க?"

"தண்ணிக்குள்ள கண்ணாடி வழியா பாத்தா எல்லாம் மூணுல ஒரு பங்கு பெருசா தெரியும்னு உங்க அக்காவுக்கு சொல்லிட்டிருந்தேன்."

"அதுவா அது!" என்றாள் மனைவி. "ஊ ஊன்னு கேட்டுச்சு. மூழ்கறீங்க, உதவிக்குக் கூப்பிடறீங்கன்னு நெனச்சுல்ல நான் பதறி மேல ஏறினேன்."

நான் அதைக் காதில் வாங்கவில்லை. படத்தில் என் மூக்குக்குப் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் குமிழி புறப்பட்டு மேலே போவதைப் பார்த்துவிட்டேன். குளிர்சாதனக் குழாயில் ஓட்டை எங்கே என்று தெரியாவிட்டால் சோப்பு நுரையைப் பூசுவோம். எங்கே குமிழி கிளம்புகிறதோ அங்கே ஓட்டை. "நிறுத்து, பின்னால போ" என்றேன். மச்சான் திரும்ப ஓட்டினான். மெதுவாக ஓட்டச் சொன்னேன். கன்னம் மேலே ஏறுகிறது. மூக்கோரத்திலிருந்து உதட்டோரம் வரை தோலில் ஒரு பள்ளம் விழுகிறது. அந்தப் பள்ளம் ரப்பர் விளிம்புக்கு அடியில் ஒரு வாய்க்கால் போல ஓடுகிறது. ஒரு குமிழி வெளியே போகிறது, அதே அளவு தண்ணீர் உள்ளே வருகிறது. கன்னம் இறங்கியதும் வாய்க்கால் மூடிக்கொள்கிறது. அடுத்த வார்த்தைக்கு மறுபடி திறக்கிறது. குமிழி மீசையிலிருந்து ஒன்றிரண்டுதான் கிளம்பியது. மற்றதெல்லாம் கன்னத்திலிருந்து.

கரையில் ஏன் கசியவில்லை என்பதும் புரிந்தது. அந்தச் சோதனைக்கு மூக்கால் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். இழுத்துப் பிடித்துக்கொண்டு பேச முடியாது. அன்று விடிந்ததிலிருந்து நான் வாயை மூடிக்கொண்டிருந்த ஒரே நேரம் அதுதான்.

படகு கடைசி இடத்தில் நின்றது. நான் மட்டும் இறங்கி, முகத்தைத் தண்ணீரில் வைத்துச் சும்மா இருந்தேன். எதுவும் வரவில்லை. வேண்டுமென்றே குழாய்க்குள் "ஊ" என்றேன், சொட்டுச் சொட்டாக வந்தது. கொட்டிவிட்டு மறுபடி சும்மா இருந்தேன். வரவில்லை. தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்துக் கையை நீட்டினேன்.

"நெஜமாவா?" என்றாள்.

தலையை மட்டும் ஆட்டினேன்.

அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "என்னங்க, ஏன் பேச மாட்டேங்கறீங்க? ஏதாவது கடிச்சிடுச்சா?"

"எறங்குக்கா" என்றான் மச்சான். "மாமா பேசாம இருக்கறது இனிமே எப்பக் கெடைக்குமோ."

கழற்றிய கொக்கிகளைத் திரும்பப் பூட்டிக்கொண்டு, ஏணியில் ஒவ்வொரு படியாக, வாயில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இறங்கினாள். என் விரல்கள் நொறுங்கும் அளவுக்குக் கையைப் பிடித்தாள். மாஸ்க்கை மூக்கால் இழுத்து ஒட்ட வைத்தாள், குழாயைக் கவ்வினாள், கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் தண்ணீரில் வைத்தாள். நானும் வைத்தேன்.

கீழே, பவளப் பாறைகளுக்கு நடுவே, மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட மீன்கள் கூட்டமாகத் திரும்பிக்கொண்டிருந்தன. கிளினிக் தொட்டியில் அந்த வகையில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. என் கையைப் பிடித்திருந்த பிடி கொஞ்சம் தளர்ந்தது. அவள் கண்ணைத் திறந்துவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன். அப்புறம் பாறையின் மறு பக்கத்திலிருந்து ஆமை வந்தது. அவசரமே இல்லாமல் எங்களுக்குக் கீழே வந்து, மூச்சு வாங்க மேலே போனது. ஆமை எவ்வளவு நேரம் மூச்சை அடக்கும், எப்படி அடக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தொண்டை வரை வந்தது. விழுங்கினேன். மாஸ்க் உலர்ந்தே இருந்தது.

திடீரென்று பக்கத்தில் "ஊ ஊ" என்று சத்தம். திரும்பினேன். மனைவி ஆமையைக் காட்டிக் குழாய் வழியே கூவிச் சிரித்துக்கொண்டிருந்தாள். சட்டென்று தலையைத் தூக்கினாள். நான் பதறிப்போய் அவள் தோளைப் பிடித்தேன். அவள் பயப்படவில்லை. குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு, மாஸ்க்கின் அடி விளிம்பைத் தூக்கித் தண்ணீரைக் கொட்டினாள்.

"என்னங்க இது, எனக்கும் தண்ணி வந்துடுச்சு! இவ்ளோ நேரம் நல்லாத்தானே இருந்துச்சு?"

"சிரிச்சல்ல. சிரிச்சாலும் பேசினாலும் கன்னம் மடியும், அந்த மடிப்பு வழியா தண்ணி உள்ள வரும். கன்னத்த அசைக்காம வெச்சுக்கோ, வராது."