இணைந்துள்ள சாதனங்கள்: பூஜ்யம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் போனின் கண்ணாடி உடைந்துபோய், அதை மாற்றுவதற்காக ஒரு ரிப்பேர் கடையின் பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்போது காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எழுதுகிறவர்களுக்கு அதிலெல்லாம் வெட்கம் கிடையாது. எனக்கு இந்த முறை கொஞ்சம் இருக்கிறது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டு தடவை ஆரம்பித்துப் பார்த்தேன்.

‘பஸ் டிரைவர் ஒருவர் தன் சட்டைப் பையில் மகளுக்காக ஒரு கதவைத் திறந்தே’

வேண்டாம். கதவு, சாவி என்று இறங்கினால் படிக்க அழகாக இருக்கும். அவருக்கு அது போனிலிருந்து நெட் பகிர்கிற வெறும் ஹாட்ஸ்பாட்.

‘கடைப் பெண்ணுக்கு அன்று காலையிலிருந்தே தலைவலி. அதனால்தான்’

இது பச்சைப் பொய். அவளுக்குத் தலைவலியும் இல்லை, தூக்கக் கலக்கமும் இல்லை. தன் வேலையை ஒழுங்காகச் செய்தாள். வந்த வினையே அதுதான்.

2

எட்டு மாதத்துக்கு முன்னால் டிரைவர் முதல் தடவை அந்தக் கடைக்கு வந்தார். (அப்போது நான் அங்கே இல்லை. கடைப் பெண் பிறகு சொன்னதை வைத்து எழுதுகிறேன். அவள் மனதுக்குள் நடந்ததாக வருவதெல்லாம் என் கற்பனை.) காக்கிச் சட்டை, கழுத்தில் மடித்துப் போட்ட கைக்குட்டை. போனைக் கவுண்டரில் வைத்தார்.

“ஹாட்ஸ்பாட் தானா அணைஞ்சிடுதும்மா. பத்து நிமிஷம்கூட நிக்க மாட்டேங்குது.”

“எதோட கனெக்ட் பண்றீங்க சார்?”

“லேப்டாப்.”

“லேப்டாப்பையும் கொண்டு வந்தாத்தானே சார் பாக்க முடியும்?”

“அது எங்கிட்ட இல்ல.”

ஒரு மாதிரியான ஆள் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். ஆனாலும் செட்டிங்ஸைத் திறந்தாள். யாரும் இணையாவிட்டால் பத்து நிமிடத்தில் தானாக அணைந்துவிடும் வசதி போட்டிருந்தது. அதை எடுத்துவிட்டாள். பழைய லேப்டாப்புக்கும் சிக்னல் கிடைக்கிற மாதிரி அலைவரிசையை மாற்றினாள். ஹாட்ஸ்பாட்டின் பெயர் ‘அப்பா பஸ்’ என்று இருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

பாஸ்வேர்டைப் பார்த்தாள். வெறும் எட்டு எண்கள். யாரோ ஒருவருடைய பிறந்த தேதி.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. லேசில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டு கண்ணில் பட்டால், கேட்காமலேயே மாற்றிவிடுவார்கள். புதியதை ஒரு சின்ன ஸ்டிக்கரில் எழுதி, போன் கவருக்குள் ஒட்டிக் கொடுப்பார்கள். முதலாளி சொல்லி வைத்தது. நல்ல வழக்கம்தான். அவளும் மாற்றினாள், எழுதினாள், ஒட்டினாள்.

டிரைவர் அதை ரிப்பேர் தேதி என்று நினைத்துக்கொண்டார். அவர் எந்தக் கருவியையும் இணைப்பவர் அல்ல. அதனால் அந்த ஸ்டிக்கரைப் படிக்க அவருக்கு ஒருநாளும் தேவை வரவில்லை.

3

நான் நாற்காலியில் இருந்த அன்று அவர் மறுபடி வந்தார். பேட்டரி உப்பி, போனின் முதுகே தூக்கிக்கொண்டு நின்றது.

“நாள் முழுக்க ஹாட்ஸ்பாட் ஓடுதா சார்? அணைச்சு வைக்கக் கூடாதா?” என்று கேட்டாள்.

“அணைக்க மாட்டேன்” என்றார். சத்தம் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அப்புறம் அவராகவே சொன்னார்.

மகளுக்கு ஒரு வேலை கிடைக்கிற மாதிரி இருந்ததாம். வெளியூர். அவருக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் வேறு நெட் கிடையாது, அவர் போனிலிருந்துதான் அவள் லேப்டாப்புக்குப் போகும். நேர்காணல் நடந்துகொண்டிருந்தது, உள் அறையில் அவள் பேசிக்கொண்டிருந்தாள். கூடத்தில் உட்கார்ந்திருந்தவர் கோபத்தில் ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிட்டார்.

“வெளிய வந்து என்னைப் பாத்தா. மறுநாள் காலைல கெளம்பிட்டா. நம்பரையும் மாத்திட்டா.”

(இங்கே அம்மா எங்கே என்று கேட்பீர்கள். அவர் சொல்லவில்லை. நானாக ஒரு அம்மாவை நுழைக்க மனம் வரவில்லை.)

“இப்ப எங்க இருக்காங்க சார்?”

“இதே ஊர்தான். நம்ம ரூட்லதான் ஏறி எறங்குறான்னு ஒரு கண்டக்டர் சொன்னார். நான் ரோட்டப் பாக்கறதா, ஏறுறவங்களப் பாக்கறதா? அவ எப்பவும் மடியில லேப்டாப்பத் தொறந்து வெச்சிருப்பா. பேரு அவ வெச்சது, பாஸ்வேர்டும் அவ போட்டது. பக்கத்துல வந்தா தானா ஏறிக்கும், இல்லம்மா? ஒவ்வொரு ஸ்டாப்புல நிக்கறப்பவும் எத்தனை இணைஞ்சிருக்குன்னு எடுத்துப் பாப்பேன். பூஜ்யம்தான் காட்டும்.”

“ஏறினா என்ன சார் பண்ணுவீங்க?”

“ஒண்ணும் பண்ண மாட்டேன். அணைக்க மாட்டேன், அவ்வளவுதான்.”

அவள் கவரைக் கழற்றினாள். உள்ளே அவளுடைய கையெழுத்து, எட்டு மாதமாக அழுக்குப்படாமல் இருந்தது.

4

அந்தப் பெண்ணுக்கு அப்போது என்ன புரிந்தது என்பதை நான் ஐந்து விதமாக எழுதி அடித்தேன். அலங்காரம் இல்லாமல் சொல்கிறேன். இந்த எட்டு மாதத்தில் மகள் ஒருநாளாவது அந்த பஸ்ஸில் ஏறியிருப்பாள். மடியில் லேப்டாப்பைத் திறந்திருப்பாள். திரையில் ‘அப்பா பஸ்’ என்று வந்திருக்கும். தொட்டுப் பார்த்திருப்பாள். பாஸ்வேர்டு தவறு என்று சொல்லியிருக்கும். அப்பா தன் பிறந்த தேதியைக்கூட அழித்துவிட்டார் என்று நினைத்து, அடுத்த நிறுத்தத்தில் இறங்கியிருப்பாள்.

ஒருவேளை ஏறவே இல்லையோ என்னவோ. அதுவும் யாருக்கும் தெரியாது. அதுதான் தாங்க முடியவில்லை.

5

முடிவுகள்.

பழைய பாஸ்வேர்டைப் போட்டுவிட்டுக் கடைப் பெண் வாயைத் திறக்காமல் இருந்துவிடுகிறாள். அவர் வழக்கம்போல நம்பிக்கையோடு வண்டி எடுக்கிறார். இதை எழுதினேன். கையே கூசியது.

அடுத்த நாள் பூஜ்யம் ஒன்று ஆகிறது. இதைத்தான் என் அக்கா கேட்டாள். “ஒண்ணுன்னு போடேன்டி, ஒன் கைக் காசா போகுது?” என்றாள். எழுதி, நானே அழுதேன். பிறகு எடுத்துவிட்டேன். எட்டு மாதம் போனது போனதுதானே, அக்கா.

அவள் உண்மையைச் சொல்கிறாள், அவர்

முடிக்க முடியவில்லை. அவர் முகம் எப்படி மாறும் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

6

உண்மையில் நடந்தது இவ்வளவுதான். புது பேட்டரி போட்டாள். “பொண்ணு பொறந்த தேதி என்ன சார்?” என்று கேட்டு, எட்டு எண்களை அடித்தாள். அந்தத் தேதி எனக்கும் கேட்டது, இங்கே எழுத மாட்டேன். ஸ்டிக்கரைக் கிழித்து உள்ளங்கையில் சுருட்டிக்கொண்டாள்.

“இப்ப சரியாயிடுச்சா?”

“சரியாயிடுச்சு சார்.”

அவர் அவள் கையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“முன்னாடியும் சரியாத்தானம்மா இருந்துச்சு?”

என் போன் அப்போதே தயாராகிக் கவுண்டரில் இருந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு, அவள் பதில் சொல்வதற்குள் வெளியே வந்துவிட்டேன். முதலில் சொன்ன வெட்கம் இதுதான். ஒரு வாரம் கழித்துப் போய் அவளிடம் மற்றதையெல்லாம் கேட்டேன். என்ன பதில் சொன்னாய் என்று மட்டும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

என் மனதில் அவர் இன்னும் அங்கேதான் நிற்கிறார், வண்டி எடுக்க ஏழு நிமிடம் இருக்கிறது. நான்தான் எழுந்து போய்விட்டேன், அவள் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.