பிணைக் கடதாசி

வெள்ளவத்தையில் சிவபாதசுந்தரம் நடத்திய லொட்ஜில் ஆறாயி ஆறு வருடமாகச் சமைத்து வந்தாள். அதுவரை ஒருநாளும் அவர் அவளை உட்காரச் சொன்னதில்லை. தொண்ணூற்றேழாம் ஆண்டு ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மேசைக்கு முன்னாலிருந்த கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"இதிலை ஒரு கையெழுத்து வை, ஆறாயி. ஏழாம் நம்பர் பிள்ளையை வெளியிலை எடுக்க லோயர் தந்த கடதாசி."

ஏழாம் நம்பர் அறைக்காரி ஜெகதீஸ்வரி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கனடா விசாவுக்குக் காத்திருந்தவள். முந்திய வாரச் சுற்றிவளைப்பில் பொலிஸ் அவளைச் சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு போயிருந்தது.

"நீங்க போட்டா ஆகாதுங்களா?"

"உன்ரை ஐடென்டிட்டி கார்ட் நுவரெலியா, யாழ்ப்பாணமில்லை. உன்னிலை சந்தேகப்படமாட்டாங்கள். ஒருத்தருக்கும் காட்டாமல் நாளைக்கு வைச்சுத் தா."

காட்டாமல் என்றதுதான் அவளுக்கு இடித்தது. கடதாசி முழுக்க இங்கிலீஷ். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டப் படித்திருந்தாளே தவிர, பொருள் தெரியாது. முழுசாக யாரிடமும் கொடுக்கவும் பயம். யார் எங்கே போய்ச் சொல்வார்களோ. தன் பெயரைச் சுற்றியிருந்த மூன்று சொற்களை மட்டும் ஒரு துண்டு அட்டையில் பார்த்து எழுதிக்கொண்டாள்.

காலி வீதியில் கண்ணாடிக் கடை வைத்திருந்த ஸஹாப்தீன் நானாவிடம் முதல் சொல்லைக் காட்டினாள்.

"பிளெட்ஜ். அடகு எண்டு சொல்ற. நகை வெக்கிறல்லவா, அது போல." பிறகு நிமிர்ந்து பார்த்தார். "இது எங்கால கெடச்ச?"

"கடல சுத்துன தாள்ல இருந்துச்சு நானா."

அவர் நம்பவில்லை. தெருவை ஒருதரம் பார்த்துவிட்டு, துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைக்கத் தொடங்கினார்.

தன் வீடிருந்த கொட்டாஞ்சேனைக்கு பஸ்ஸில் நின்றபடியே போகும்போது, அடகு வைக்கத் தன்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தாள். காதுத் தோடு ஒன்றுதான். அதற்கா லோயர் கடதாசி?

பக்கத்து வீட்டு பிறிஜெற் கப்பல் கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்ட். மற்ற இரண்டு சொற்களையும் அவள் வாசித்தாள்.

"பெரில் எண்டா ஆபத்து. ரிஸ்க் எண்டா வரலாம், வராமலும் போகலாம். பெரில் வாசல்ல வந்து நிக்கிற மாதிரி. ஷூரிட்டி எண்டா பிணை நிக்கிற ஆள். மற்ற ஆள் ஓடினா இவரைப் பிடிப்பாங்க."

"பிளெட்ஜுன்னா அடகுதானே?"

"அடகும்தான். வாக்குக் குடுக்கிறதுக்கும் அதே சொல்தான்." பிறிஜெற் குரலைத் தாழ்த்தினாள். "எதிலயும் மாட்டிக்காதீங்க ஆறாயி அக்கா."

அடகுப் பொருள் தான்தான் என்று ஆறாயிக்கு விளங்கிவிட்டது. ஜெகதீஸ்வரியைப் பற்றித்தான் என்ன தெரியும்? கூட இருந்து வெங்காயம் உரித்துத் தருவாள். ஊர் கேட்டால் ஒருநாள் கோப்பாய் என்பாள், இன்னொரு நாள் மானிப்பாய் என்பாள்.

மறுநாள் காலையில், முடியாது என்று சொல்லத்தான் போனாள்.

"ஐயா, அந்தப் புள்ள ஓடிப்போனா என்னயப் புடிப்பாங்க. அதானே எழுதியிருக்கு?"

சிவபாதசுந்தரத்தின் முகம் கறுத்தது. "ஆர் உனக்கு வாசிச்சுக் காட்டினது?"

"யாரும் வாசிக்கலீங்க. மூணு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டேன்."

"அப்ப விடு. அவள் அங்கையே கிடக்கட்டும்."

அவ்வளவு லேசாக அவர் சொன்னதை ஆறாயியால் தாங்க முடியவில்லை. கடதாசியை மேசையில் விரித்தாள்.

"போடுறேங்க. மேல ஒரு கோடு காலியா இருக்கு. அதுல நீங்க போட்டதுக்கு அப்புறம்."

"நான் லொட்ஜ் நடத்திறவன். என்ரை பெயர் கெட்டால்?"

"எம்பேரு கெட்டா பரவாயில்லீங்களா? நான் இப்பவே கெளம்புனா மத்தியானச் சோறு யாரு ஆக்குவா?"

அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்து வைத்தார். அவள் அதற்குக் கீழே எழுத்தெழுத்தாக வைத்தாள்.

சனிக்கிழமை ஜெகதீஸ்வரி வெளியில் வந்தாள். ஞாயிறுதோறும் பொலிஸில் போய்க் கையெழுத்திட வேண்டும். ஆறாயியும் கூடவே போனாள், மணிக்கட்டைப் பிடித்தபடி. காலையில் அடுப்பு மூட்டுமுன் ஏழாம் அறைக் கதவில் காது வைத்துக் கேட்பாள். உள்ளே இருமல் சத்தம் கேட்டால்தான் கை வேலைக்குப் போகும்.

தை மாதம், வழக்கில்லை என்று விட்டுவிட்டார்கள். விசாவும் வந்தது. வான் ஏறப்போகும்போது ஜெகதீஸ்வரி கேட்டாள்.

"கடைசி வரைக்கும் என்னிலை உங்களுக்கு நம்பிக்கை வரேல்லை, என்ன அக்கா?"

"வரலம்மா," என்றாள் ஆறாயி. "கெடக்கட்டும்னு வுடவும் முடியல."

ஜெகதீஸ்வரி தலையாட்டிவிட்டு ஏறிக்கொண்டாள். அதன்பின் கொஞ்ச நாளைக்கு, வாசலில் ஜீப் நின்றால் ஆறாயி அடுப்பை விட்டு வந்து எட்டிப் பார்ப்பாள். அவளைத் தேடி ஒருவரும் வரவில்லை.