விரல் நீட்டாமல் ஒரு சண்டை

கர்நாடக எல்லையோர மூக்கண்டப்பள்ளியில் அழகர்சாமி வீட்டுக்கும் ஆஞ்சப்பன் வீட்டுக்கும் நடுவில் நாலு வரிசை முள்கம்பி வேலி. இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் ஆடி மாதம் அந்த வேலியைத் தாண்டி ஒரு சாம்பல் பூசணிக் கொடி வந்தது. வேர் ஆஞ்சப்பன் பக்கம். கோபம் அழகர்சாமி பக்கம்.

காலை ஷிப்டுக்கு அழகர்சாமி கிளம்பும்போது கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்த நுனி, அவர் திரும்பி வருவதற்குள் கொடிக்கயிற்றில் காய்ந்த அவருடைய யூனிபார்ம் சட்டைக்கு இரண்டு பட்டன் போட்டுவிட்டிருந்தது. கேபிள் வயரைச் சுற்றிக்கொண்டதில் அவர் மனைவி வீரலட்சுமிக்கு ஒரு வாரம் எல்லா சீரியலும் பச்சையாகவே ஓடியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அழகர்சாமி வாசலில் கட்டில் போட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தார். எழுந்து பார்த்தால் கால் கட்டைவிரலைக் கொடியின் பற்றுச்சுருள் மூன்று சுற்று சுற்றியிருந்தது. விரலை உருவிக்கொண்டு அரிவாளோடு கூரைக்கு ஏறினார்.

ஏறியவர் வெட்டாமல் இறங்கினார். சிமெண்ட் ஷீட்டின் மேல் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு பிஞ்சு உட்கார்ந்திருந்தது.

அவர் வேலை பார்த்த ஸ்பிரிங் கம்பெனியில் ஆயுத பூஜைக்கு ஒரு வழக்கம் உண்டு. மெயின் கேட்டில் உடைக்கிற பூசணிக்காய் கடையில் வாங்கியதாக இருக்கக்கூடாது. வீட்டில் காய்த்ததாக இருக்க வேண்டும். எவன் காய் பெரிதோ அவன் கையால் உடைப்பான். மேளம் அடிக்கும், முதலாளியே மாலை போடுவார். இருபத்துநாலு வருஷமாக அழகர்சாமி அந்த மாலைக்காக விதை போட்டார். அவர் போட்ட விதையெல்லாம் ஆண் பூவாகப் பூத்துவிட்டு ஓய்ந்துபோகும். மாலை ஒன்பது வருஷமாக ஃபிட்டர் பெருமாள் கழுத்தில்தான் விழுந்துகொண்டிருந்தது. வருகிற தை மாதம் அழகர்சாமி ரிட்டயர். இதுதான் கடைசி ஆயுத பூஜை. கடைசி வருஷத்தில் காய் தானாகவே கூரைக்கு ஏறி வந்திருக்கிறது.

"ஓவ், மதுரைக்காரரே!" மறுநாள் வேலி ஓரத்தில் ஆஞ்சப்பன் குரல் கொடுத்தான். "எங்கூட்டுக் காய் உன் கூரை மேல கீது. பறிச்சிக்க நெனச்சியா, நடக்காது சொல்லிட்டேன்."

"நான் அருப்புக்கோட்டைய்யா. மதுரைக்கும் அதுக்கும் அம்பது கிலோமீட்டரு." அழகர்சாமி பனியனோடு வெளியே வந்தார். "எங்கிட்டு வேணாலும் உன் வேரு இருக்கட்டும். என் கூரை மேல காய்ச்சது என் காய்தான்."

"உன் கூரையா தண்ணி ஊத்திச்சு?"

"உன் கொடி என் ஷீட்ட ரெண்டா ஒடச்சிருக்கு. போய்ப் பாரு, அந்தா..."

கை உயர்ந்தது. ஆனால் விரல் மடங்கியே இருந்தது. பிஞ்சைப் பார்த்து விரல் நீட்டினால் அது அழுகிவிடும் என்பது அருப்புக்கோட்டையிலும் சட்டம், ஆஞ்சப்பன் பிறந்த பேரிகையிலும் சட்டம். அந்த இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். அதனால் ஒன்றரை மாதம் இருவரும் தினமும் காலையில் ஒரு தரம், ஷிப்டு முடிந்து ஒரு தரம், விரலை மடக்கிக்கொண்டு முட்டியால் காட்டிக் காட்டியே சண்டை போட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் குத்துச்சண்டை என்று நினைத்தார்கள். ஆஞ்சப்பன் ஆட்டோடு தெலுங்கு பேசுவான், பஸ் கண்டக்டரோடு கன்னடம் பேசுவான். தமிழை முழுக்க அழகர்சாமிக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தான்.

ஒருநாள் அவன் சொன்னான்: "ஒம்போது வருசமா பெருமாளு ஒடைக்கிறானே, அது யாரு காய்னு நெனச்ச? எங்காயி! கேட்டுல வாங்கிக்கினு என்னை வெளிய அனுப்பிருவாங்க. கான்ட்ராக்ட் ஆளு பூஜைக்கு உள்ள வரக்கூடாதாம். அந்த கேட்டு இருக்கிற எடத்துல நான் ராகி அறுத்திருக்கேன்யா. தெரியுமா உனக்கு? இந்த வருசம் நான்தான் ஒடைப்பேன்."

ஆஞ்சப்பன் அதே கம்பெனியில் புல் வெட்டுகிறவன் என்பது அழகர்சாமிக்குத் தெரியும். இது தெரியாது. தெரிந்ததும் அவருக்குக் கோபம்தான் கூடியது. அடுத்தவன் நியாயத்தைக் கேட்டால் அவருக்கு அப்படித்தான் ஆகும்.

"நீ ஒடைப்பியா? இந்தக் காயையா?" என்று கத்தினார். கத்திய வேகத்தில் ஆள்காட்டி விரல் நேராக நீண்டு காயைப் பார்த்து நின்றது.

தெருவில் போனவர்களெல்லாம் நின்றுவிட்டார்கள். வீரலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள். ஆஞ்சப்பன் மனைவி மாரம்மா மட்டும் நிதானமாக வேலிக்கு வந்தாள்.

"ஏன் எல்லாரும் எழவு ஊடு மாதிரி நிக்கிறீங்க? சொந்தக்காரன் காட்டினா அழுவாது. அடுத்தவன் காட்டினாத்தான் அழுவும். மூணு நாளு பாருங்க. அழுவினா எங்க காயி, அழுவலன்னா அண்ணன் காயி."

மூன்று நாளும் அழகர்சாமிக்கு இட்லி இறங்கவில்லை. அழுகினால் காய் போச்சு, வழக்கும் போச்சு. ஏணி வைத்து ஏறி ஏறிக் காயை மோந்து பார்த்தார். நாலாம் நாள் காய் இன்னும் ஒரு சுற்றுப் பெருத்திருந்தது.

"என் காயி!" என்று கூரை மேலிருந்து கூவினார்.

ஆஞ்சப்பனுக்குக் கண் சிவந்தது. பத்து விரலையும் விரித்து, கொஞ்ச நேரம் யோசித்து, செருப்பைக் கழற்றிக் கால் கட்டைவிரல் இரண்டையும் தூக்கிக் காயைப் பார்த்துக் காட்டினான். "அழுவட்டும்! அழுவினா உன்னது, எடுத்துக்க!"

அதற்கும் அது அழுகவில்லை. மாரம்மா சட்டப்படி காய் இப்போது இரண்டு பேருக்கும் சொந்தம். அவ்வளவு கோபத்தை அந்தத் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை.

பூஜை நாளன்று காயை இறக்க மூன்று ஏணி வேண்டியிருந்தது. சைக்கிள் கேரியரில் வைத்தார்கள். இரண்டு டயரும் ஒரே சமயத்தில் வெடித்தன. கடைசியில் சாக்கில் கட்டி, மூங்கிலில் கோத்து, முன்னால் அழகர்சாமி, பின்னால் ஆஞ்சப்பன், சிப்காட் தொழிற்பேட்டையிலுள்ள கம்பெனி வரைக்கும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"ஒழுங்காத் தூக்குய்யா. பாரம் பூரா எம்பக்கம் வருது" என்றார் அழகர்சாமி.

"குள்ளமா பொறந்தது நீ. என்னைச் சொல்ற?"

கேட்டில் மாவிலைத் தோரணம், வாழைமரம், மேளம். காய் வருவதைப் பார்த்ததும் மேளக்காரரே அடிப்பதை நிறுத்திவிட்டார். செக்யூரிட்டி தீர்த்தகிரி ஓடி வந்தான்.

"அண்ணே, இந்த வருசம் மாலை உங்களுக்குத்தாண்ணே! உள்ள போங்க. யோவ் ஆஞ்சப்பா, காயை எறக்கி வச்சிட்டு நீ கெளம்பு. தூக்க நான் ஆள் அனுப்புறேன்."

அழகர்சாமி திரும்பிப் பார்த்தார். கால் கட்டைவிரலையும் சேர்த்துச் சண்டை போட்டவன், வேலியில் ஒரு இலையைக்கூட விட்டுக்கொடுக்காதவன், மூங்கிலைத் தோளிலிருந்து இறக்கினான். சாக்கை அவிழ்த்தான். துண்டால் காயில் ஒட்டிய தூசியைத் துடைத்தான். ஒன்பது வருஷம் பழகிய கை, கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்க்கத் திரும்பினான்.

அழகர்சாமிக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

"யோவ்! எங்க போற?"

"போயிட்டு வரேன். நீ ஒடை."

"ரெண்டு மாசமா என் உசுர எடுத்தியே, இங்க வந்து இப்படிப் பம்முற? எங்கிட்ட மட்டுந்தான் எகிறுவியா நீ? அம்புட்டுக்கு எளக்காரமாப் போயிட்டேனா?"

"அண்ணே, நேரமாகுது" என்றான் தீர்த்தகிரி. "முதலாளி கார் திரும்பிருச்சு."

"நீ வாய மூடு!" நீண்ட விரல் தீர்த்தகிரியைப் பார்த்து நின்றது. அவன் அப்போதே அழுகத் தொடங்கியவன் போலப் பின்வாங்கினான். "இது ரெண்டு பேரு காயி. நாங்க ரெண்டு பேரும் காட்டியும் அழுகாத காயி. இவன் உள்ள வரக்கூடாதுன்னா இது எதுக்கு உள்ள வரணும்? பிடிய்யா அந்தப் பக்கம்!"

ஆஞ்சப்பன் நின்றான். திரும்பி வந்தான். பிடித்தான்.

கேட்டுக்கு வெளியே, ரோட்டு மேலேயே, இருவரும் காயைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டார்கள். சத்தம் எல்லையிலுள்ள அத்திப்பள்ளி செக்போஸ்ட் வரை கேட்டது. கர்நாடகப் போலீஸ்காரர் ஒருவர் சும்மா நின்ற லாரிக்கு விசில் ஊதினார். உடைந்த சில்லுகள் கேட்டை இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் அடைத்துக்கொண்டன. முதலாளி காரிலிருந்து இறங்கி, வேட்டியை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு, மாலையோடு விதைகளுக்கு நடுவே வழுக்கி வழுக்கித் தன் கம்பெனிக்குள்ளேயே நடந்து போனார். மாலை யார் கழுத்திலும் விழவில்லை.

வீடு திரும்பும் வழியெல்லாம் சண்டை.

"என் கைதான் மொதல்ல விட்டுச்சு."

"மொதல்ல விட்டதுதான் தப்பு. அதனாலதான் சமமா ஒடையல" என்றான் ஆஞ்சப்பன்.

மறுநாள் காலை அழகர்சாமி அரிவாளை எடுத்துக்கொண்டு, இன்றோடு இந்தக் கொடிக்கு ஒரு முடிவு கட்டுவேன் என்று வீரலட்சுமியிடம் சொல்லிவிட்டுக் கூரைக்கு ஏறினார். இலைகளை விலக்கிப் பார்த்தார். பிறகு அரிவாளைக் கீழே போட்டுவிட்டு, விரலை நன்றாக மடக்கிக்கொண்டு, வேலிப்பக்கம் பார்த்து அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"யோவ் ஆஞ்சப்பா! திருட்டுப்பயலே! உன் கொடி மறுபடியும் எங்கூரை மேல பிஞ்சு விட்டிருக்கு. வாய்யா வெளிய!"