நாங்கள் இல்லாத வருடத்துப் படம்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வீட்டிலும் சொல்வார்கள், அலுவலகத்திலும் சொல்வார்கள். ஆனால் சீதேவி அக்காவின் காணிக்கு இரண்டாம் தடவை போன அன்று என் கோபம் முழுவதும் என் மேலேயே இருந்தது.

நான் அஸ்மியா. மூதூர்க்காரி. காடு காக்கும் வெளிநாட்டுத் திட்டம் ஒன்றில் கள அலுவலராக இருக்கிறேன். காட்டைக் குறைய விடமாட்டோம் என்று நாடு உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. அந்த வாக்கு நிற்கிறதா என்று மேலே விண்ணில் இருந்து செய்மதி படம் எடுத்துப் பார்க்கிறது. இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டுப் படத்தில் பச்சையாக இருந்த இடம் இன்று பச்சையாக இல்லையென்றால் அங்கே ஒரு சிவப்புப் புள்ளி விழும். எங்கள் பக்கம் முப்பத்தொரு புள்ளிகள் விழுந்திருந்தன. ஒவ்வொரு இடத்துக்கும் போய், யார் வெட்டியது, எப்போது வெட்டியது என்று கேட்டு, கைபேசியில் ஒரு கட்டத்தில் சரி போட வேண்டும்.

காட்டைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு மனம் இல்லை. வெருகல் ஆற்றோரத்து மரங்களை லொறியில் ஏற்றியவர்களை நானே பொலிசில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனாலும் ஒன்று மட்டும் உறுத்தும். தங்கள் காடுகளை எப்போதோ வெட்டிக் கப்பல் கட்டி எங்கள் கரை வரைக்கும் வந்த வெளிநாட்டவர்களுக்கு அந்தப் படத்தில் ஒரு சிவப்பும் கிடையாது. அவர்கள் வெட்டியது படம் எடுக்க முந்தி. அதைக் கேட்கப் படிவத்தில் இடமும் இல்லை.

சீதேவி அக்காவின் காணி கட்டைபறிச்சான் கிராமத்துக்கு உள்ளே, காட்டோரத்தில், ஒன்றரை ஏக்கர். சோளமும் கச்சான் கடலையும் போட்டிருந்தார். வயது அறுபதுக்குக் கிட்ட. தனிய இருக்கிறார். முதல் தடவை நான் போனது நல்ல வெயிலில். எப்ப வந்தீங்க என்று கேட்டேன்.

"பதினாலில வந்தனாங்கள், பிள்ளை. காடாக் கிடந்தது. வெட்டித் துப்புரவாக்கினனாங்கள்."

இரண்டாயிரத்துப் பதினாலு என்பதை யோசிக்காமல், மனப்பாடம் செய்ததுபோலச் சொன்னார். நானும் யோசிக்காமல் 'புதிதாக வெட்டப்பட்டது' என்ற கட்டத்தில் சரி போட்டேன். அவர் தந்த தண்ணீரைக் குடித்துவிட்டு அடுத்த புள்ளிக்குப் போனேன். அங்கேயும் பதினாலு என்றார்கள். அதற்கடுத்த இடத்திலும் அதேதான்.

இரண்டு மாதம் கழித்து அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். காணியைக் காட்டு எல்லைக்குள் எடுத்து எல்லைக்கல் போடப் போவதாகக் கடிதம் வந்திருக்கிறது, இந்தச் சோளம்தான் கடைசி என்று அதிலே எழுதியிருக்கிறது என்றார்.

"கிணத்தையும் சேத்தோ எடுப்பினம், பிள்ளை?"

"கிணறா? ஆர் வெட்டின கிணறு?"

"என்ர மாமனார் வெட்டினது."

பதினாலில் வந்தவருக்கு மாமனார் வெட்டிய கிணறு எங்கிருந்து வரும்? எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இரண்டாயிரத்து ஆறில் சண்டை வந்தபோது நாங்கள் மூதூரை விட்டுக் கந்தளாய்க்கு நடந்தோம். ஒன்றிரண்டு மாதத்தில் வீடு திரும்பிவிட்டோம். அக்காவின் ஊர்க்காரர் மறுபக்கமாக மட்டக்களப்பு அகதி முகாம்களுக்கு ஓடினார்கள். திரும்பி வர எட்டு வருடம் ஆனது. ஆளில்லாத முதல் மழைக்கே தோட்டம் பற்றை மூடிப் பச்சையாகி, பிறகு காடாகிவிட்டது. அந்த ஏழாம் ஆண்டுப் படம் எடுக்கப்பட்டது அவர்கள் முகாமில் இருந்த வருடத்தில். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சரி போட்டிருக்கிறேன்.

அக்காவிடம் காணி உறுதிப் பத்திரமும் இல்லை, அரசாங்கம் தரும் பேர்மிற்றும் இல்லை. ஓடும்போது எல்லாம் போய்விட்டது. கிணற்றில் வருடம் எழுதியிருக்கவில்லை. நல்ல வேளையாக அந்த மாதமே வெளிநாட்டிலிருந்து ஹென்றிக் என்ற தணிக்கைக்காரர் வந்தார். முப்பத்தொரு புள்ளிகளில் மூன்றை மட்டும் நேரில் பார்ப்பார். அக்காவின் புள்ளி அந்த மூன்றில் ஒன்று.

ஹென்றிக் கெட்ட மனிதர் இல்லை. அக்கா கொண்டுவந்து போட்ட கதிரையில் இருக்காமல், அவருக்குச் சமமாக வரம்பில் உட்கார்ந்தார். ஒலிப்பதிவுக் கருவியைக் காட்டி, போடலாமா என்று கேட்டுவிட்டுத்தான் போட்டார். இந்த இடத்தில் முதன்முதலாக எப்போது குடியிருந்தீர்கள் என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

"பதினாலில வந்தனாங்கள்," என்றார் அக்கா. கண் கருவியிலேயே இருந்தது.

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. கொஞ்சம் நிறுத்தச் சொல்லி ஹென்றிக்கிடம் கேட்டேன். அவர் கருவியை நிறுத்தினார்.

"அக்கா, மாமனார் கிணறு வெட்டினது எப்ப?"

அவர் கிணற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"முந்தியே இருந்தனாங்கள் எண்டு சொல்லுங்க. அதைச் சொல்லாட்டிக் காணி போயிரும்."

"முந்தி இருந்தனாங்கள் எண்டு சொன்னால், முந்தி ஆரோட இருந்தனீங்கள், இயக்கத்தோடயோ எண்டு கேப்பினம், பிள்ளை," என்றார். "மூத்த மகனைத் தேடி ஆமிக்காரர் மூண்டு தரம் வந்தவை. அவன் காணாமப் போய் எத்தினை வருஷம். அதுக்குப் பிறகும் வந்தவை. பதினாலு எண்டு சொன்னால் அதோட எழுதிக்கொண்டு போயிடுவினம்."

கோப்பும் பேனாவுமாக யார் வந்தாலும் பதினாலு என்று சொல்லி அந்த ஊர் இத்தனை வருடம் தப்பியிருக்கிறது. அந்தப் பதில்தான் இப்போது அவர்களைக் காடு வெட்டியவர்கள் ஆக்கியிருக்கிறது.

"இப்ப இதைச் சொன்னால் ஆரிட்டப் போகும்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. ஹென்றிக்கிடம் கேட்டேன். அவர் மழுப்பவில்லை. அறிக்கை இணையத்தில் போடப்படும், உலகத்தில் யாரும் படிக்கலாம், இங்குள்ள அதிகாரிகளும் படிக்கலாம் என்றார். பெயரை மறைக்கலாம், ஆனால் பெயர் இல்லாத சாட்சியத்தை வைத்துப் புள்ளியை மாற்ற விதி இல்லை என்றும் சொன்னார். நான் ஒரு சொல்லும் குறைக்காமல் அக்காவிடம் சொன்னேன். சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்டிய கணக்கை நியாயமாகக் கேட்கிறோம் என்று வந்து, கடைசியில் அந்த மனுசியின் பயத்தையல்லவா விலையாகக் கேட்கிறோம்.

அக்கா எழுந்து போய்ச் சோளத்துக்குள் வந்த மாட்டை விரட்டிவிட்டு வந்தார். திரும்ப உட்கார்ந்தார்.

"கருவியைப் போடச் சொல்லுங்கோ," என்றார். "எண்பத்தேழில கலியாணம் முடிச்சு இந்தக் காணிக்கு வந்தனான். ரெண்டு பிள்ளையளும் இஞ்சதான் பிறந்தவை. ஆறாம் ஆண்டு ஓடினனாங்கள். பேர் சீதேவி. எழுதட்டும்."

ஹென்றிக் தன் கணினியில் ஏழாம் ஆண்டுக்கு முந்திய படம் இருக்கிறதா என்று தேடினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டுப் படம் மங்கலாக வந்தது. அக்காவின் காணி இருந்த இடத்தில் வெட்டவெளியாக ஒரு சதுரம். இருபது வருடமாக யாரும் இலவசமாகப் பார்க்கக்கூடிய இடத்தில் அது கிடந்திருக்கிறது. பார்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பழைய தோட்டம் என்று எழுதி, அந்தப் புள்ளியை அகற்றப் பரிந்துரைக்கிறேன், கல் போடுவதும் நிற்கும் என்றார் ஹென்றிக்.

எனக்கு முழுதாகச் சந்தோசப்பட முடியவில்லை. படத்தில் அக்காவின் சதுரத்துக்குப் பக்கத்தில் இன்னும் சதுரங்கள் தெரிந்தன. எண்ணினேன். பத்தொன்பது. பத்தொன்பதிலும் நான் சரி போட்டிருந்தேன்.

மற்றவற்றை என்ன செய்வது என்று கேட்டேன். அவை தன் மூன்றுக்குள் வரவில்லை, படம் மட்டும் போதாது, ஒவ்வொருவரும் தங்கள் வாயால் தங்கள் பெயரில் சொன்னால் சேர்க்கலாம், வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கிறது என்றார் ஹென்றிக்.

"அக்கா, பிழை என்னுடையது. மன்னிச்சுக்கொள்ளுங்க," என்றேன். அக்கா எழுந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

அடுத்த காணி இராகுலனுடையது. கச்சான் பிடுங்கிக்கொண்டிருந்தவர் எங்களைக் கண்டு நிமிர்ந்தார். என் கையிலிருந்த கோப்பைப் பார்த்தார், ஹென்றிக்கைப் பார்த்தார். எப்ப வந்தீங்க என்று நான் கேட்டு முடிக்கவில்லை.

"பதினாலில," என்றார்.

சீதேவி அக்கா எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"நான் சொல்லிப்போட்டன், தம்பி," என்றார். "என்ர பேர் எழுதியாச்சு. கேக்க வாறவை இனி முதல் என்னட்டத்தான் வருவினம். நீ பயப்பிடாமச் சொல்லு."