அடைபட்ட குழாய்

ஓட்டைப் பெட்டியை விற்று ஏமாற்றுகிறான் என்று தன்னைப் பற்றிச் சிவகாசியில் பேச்சு ஓடுவது, முகம்மது நூகுவுக்குப் பன்னிரண்டாம் நோன்பன்றுதான் தெரிந்தது. தீபாவளிக்குள் தங்கள் கார்களுக்கும் மேளத்தின் கனத்த ஒலியைத் தரும் சப்வூஃபர் பெட்டி வேண்டும் என்று சொல்லியிருந்த மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராகப் போனில் வேண்டாம் என்றார்கள். மூன்றாவது ஆள்தான் காரணத்தைச் சொன்னார். பரப்பியவர் தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனி முதலாளி செந்தூர்பாண்டி. அவர் காருக்கு அப்படி ஒரு பெட்டியை நூகுதான் செய்து கொடுத்திருந்தார்.

நூகு விருதுநகரில் பதினோரு வருடமாகக் கார்களுக்குப் பாட்டுப்பெட்டி பொருத்துகிறார். ஒருவரும் அவரை அப்படிச் சொன்னதில்லை. அதுவும் எந்தப் பெட்டிக்கு! எட்டு நாள் உழைப்பு அது. முக்கால் இஞ்ச் பலகை, உள்ளே அதிராமல் இருக்கக் குறுக்குக் கட்டை, மூலைக்கு மூலை பசை. பன்னிரண்டு இஞ்ச் ஸ்பீக்கருக்கு ஐம்பது லிட்டர் காற்று. அந்தக் காற்று வந்து போக நாலு இஞ்ச் குழாய் ஒன்று. குழாயை நீளமாக வைத்து, சத்தத்தைக் கேட்டுக் கேட்டு விரல் அகலம் விரல் அகலமாக அறுத்து, சரியாக ஓரடியில் நிறுத்தியிருந்தார்.

"நோன்பு வச்சுக்கிட்டுச் சண்டைக்குப் போகாதீக" என்றாள் மனைவி குல்சார் பேகம்.

"சண்டைக்கில்ல. நியாயம் கேக்கப் போறேன்."

"மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியலையே."

பட்டாசுக் கொட்டகைகளுக்கு வெகு தொலைவில், ரோட்டோரம் கம்பெனியின் ஆபீஸ் இருந்தது. வாசலில் வேப்பமரத்தடியில் செந்தூர்பாண்டியின் கார். லோடு எடுக்க வந்த வெளியூர் ஏஜெண்டுகள் இரண்டு பேர் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்க பாய்! ஓட்டைய அடைக்க வந்தீகளா? நாங்களே அடைச்சாச்சு" என்றார் செந்தூர்பாண்டி. ஏஜெண்டுகள் சிரித்தார்கள்.

நூகு காரின் பின்கதவைத் திறந்தார். குழாயின் வாயில் சணலைத் திணித்து, மேலே பசை தடவிக் காகிதம் ஒட்டியிருந்தது. அசல் அணுகுண்டு வெடிக்குச் செய்கிற வேலை.

"என்ன அண்ணாச்சி இது?"

"பின்ன? வெடியில ஒரு கீறல் இருந்தாலும் புஸ்ஸுன்னு போயிரும். இறுக்கிக் கட்டுனாத்தான் சத்தம். முப்பது வருசமாச் சத்தத்த வித்துப் பொழைக்கிறேன், எனக்கே ஓட்டைப் பெட்டியா? அடைச்சுப் பாத்தும் கம்பளிக்குள்ள இருமுன மாதிரிதான் கேக்கு."

"அது ஓட்டையில்ல, அண்ணாச்சி! உங்க தொழில் வெடி. இது நாயனம் மாதிரி. நாயனத்தோட வாயில துணிய அடைச்சுட்டு ஊதச் சொல்லுவீகளா? ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்ல? ஊரெல்லாம் என்னைய ஏமாத்துக்காரன்னு சொல்லிட்டீகளே!"

மேலே பேசினால் வாய் தவறிவிடும் என்று நாக்கைக் கடித்துக்கொண்டு, திருப்புளியால் சணலைக் குத்தி இழுத்தார். கால்மணி நேரமாகியும் அது அசையவில்லை. ஏஜெண்டுகள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். செந்தூர்பாண்டியின் சிரிப்பு குறைந்தது. சணல் சுற்றுகிற தங்கத்தாயைக் கூட்டிவரச் சொன்னார். ஐம்பது வயதுக்காரி, வெள்ளி மருந்து படிந்த கையோடு வந்து நின்றாள்.

"ஏளா, யாரக் கேட்டு இத அடைச்ச?"

அவள் முதலாளியை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

செந்தூர்பாண்டி நூகுவின் தோளில் கைபோட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வெவரம் தெரியாத பொம்பள அடைச்சுட்டான்னு முடிச்சுருவோம் பாய். ஓங்க பெட்டி நல்ல பெட்டின்னு நானே எல்லாருக்கும் சொல்லிருதேன்."

போன பெயர் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. சரி என்று ஒரு வார்த்தை போதும். நூகு அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார்.

"நாங்களே அடைச்சாச்சுன்னு இப்பத்தான சொன்னீக? எம் பேரக் கெடுத்தது பத்தாதுன்னு இந்தத் தாயி பேரையுமா? சொன்ன வேலைய எம்புட்டுச் சுத்தமாச் செஞ்சிருக்காக, என்னால பிடுங்க முடியல. அவுக மேல பழி போட்டு எனக்கு ஒரு நல்ல பேரும் வேண்டாம்!"

"அப்ப ஓட்டைப் பெட்டின்னே இருக்கட்டும்."

"இருக்கட்டும்."

திருப்புளியைப் பைக்குள் போட்டார். கண் கலங்கியது, கோபத்தில்தான்.

"சித்த தள்ளுங்க ஐயா. நீங்க பிடிச்சது முனையில்ல" என்றாள் தங்கத்தாய். காகிதத்தைக் கிழித்து, விரலை விட்டுத் துழாவி, ஒரு நுனியைப் பிடித்து இழுத்தாள். ஒரே இழையாக உருவிக்கொண்டு முழுச் சணலும் வெளியே வந்தது.

நூகு காரில் ஒரு மேளக் கச்சேரி சி.டி.யைப் போட்டார். சத்தம் பெரிதாக வரவில்லை. தவிலின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, உருண்டையாக வந்து நெஞ்சில் பட்டது. காரின் தகடு எதுவும் கிடுகிடுக்கவில்லை.

"அண்ணாச்சி, இது எங்கன செஞ்சது?" என்றார் ஒரு ஏஜெண்டு.

செந்தூர்பாண்டி தொண்டையைச் செருமினார். "விருதுநகர்ல. இந்தா நிக்காகள்ல, பாய்தான்."

"அடைக்கச் சொன்னது யாருன்னும் சேத்துச் சொல்லிருங்க மொதலாளி" என்றாள் தங்கத்தாய்.

ஏஜெண்டுகள் கொல்லென்று சிரித்தார்கள். செந்தூர்பாண்டிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "நாந்தான்யா. இவ மேல தப்பில்ல. போளா, போய் வேலையப் பாரு."

அவள் சணலைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு கொட்டகைப் பக்கம் நடந்தாள்.

நூகுவுக்குச் சிரிப்பு வரவில்லை. "எங்கிட்டச் சொன்னாப் போதுமா, அண்ணாச்சி? மூணு பேருகிட்டப் போய்ச் சொன்னீகள்ல? இப்பமே போன் போடுங்க."

"இப்பமேவா?"

"இப்பமே."

செந்தூர்பாண்டி ஆபீசுக்குள் போய் நம்பரைச் சுழற்றினார். மூன்றாவது ஆளிடம் பேசி அவர் ரிசீவரை வைக்கும்வரை நூகு வாசற்படியை விட்டு நகரவில்லை.